இருமிவிட்டு வந்தவர்

கோயம்புத்தூரில் உயர்ந்த ரக ஸ்பீக்கர் விற்கும் கடைக்காரர்கள் நாலைந்து பேருக்கும் அம்சவேணியைத் தெரியும், தங்களுக்குள் அவளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் இருமல் அம்மா, ஏனென்றால் மற்றவர்கள் எல்லாம் வயலினைக் கொண்டுவந்து, தவிலைக் கொண்டுவந்து, சினிமாப் பாட்டின் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்து ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்கையில் அவள் மட்டும் ஒரு பழைய வீணைக் கச்சேரியின் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து, வீணையை விட்டுவிட்டு, அதன் நடுவில் யாரோ ஒருவர் இருமுகிற இருமலைக் கேட்டுப் பார்த்து, இருமல் சரியில்லை என்று எழுந்து போய்விடுவாள், அல்லது இருமல் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போவாள், வாங்கியதையும் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றிக்கொண்டு இன்னும் நல்ல இருமலைத் தேடி வருவாள்.

அந்த இருமல் அவளுடைய அப்பா சென்னியப்பனுடையது. அவிநாசியில் ஜின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்த அவருக்கு நெஞ்சு நிறையப் பஞ்சுத் தூசி, அதற்கு மேல் சங்கீதக் கிறுக்கு, இரண்டும் ஒரே உடம்பில் குடியிருப்பது கஷ்டம் என்பதால் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், தீர இருமிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்காருவது அவர் வழக்கம். அவருக்கு முப்பத்துநாலு, அம்சவேணிக்கு ஆறு வயதாக இருந்தபோது, தேர் நிலைக்கு வந்த மறுநாள், கல்யாண மண்டபத்தில் நடந்த வீணைக் கச்சேரியில் அதேபோல இருமினார், எழுந்து வெளியே போனார், உள்ளே வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. கிணறுகளில் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள், பழனியில் தேடினார்கள், தேடித் தேடி ஊர் களைத்துப்போயிருந்த சமயத்தில் தேர்முட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த கிட்டுசாமி, மேடையில் வீணைக்குப் பின்னால் தம்பூரா மீட்டிய பெண்ணோடு சென்னியப்பன் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிப்போனதை நேரில் பார்த்ததாகச் சொன்னார், ஊருக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டது.

மனைவி கருணாம்பாள் மட்டும் அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளவில்லை. பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போய் மகளைப் படிக்கவைத்த அவளிடம், என்னம்மா உன் புருஷன் எங்கே என்று யாராவது நாக்கில் தேனும் வயிற்றில் விஷமுமாகக் கேட்டால், "இருமப் போயிருக்கறாரு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். முதல் வருஷம் ஊர் அதைக் கேட்டுச் சிரித்தது, அப்புறம் பரிதாபப்பட்டது, அப்புறம் மறந்துபோனது, ஆனால் கேட்டால் அவள் சொல்லும் பதில் மட்டும் மாறவில்லை.

கச்சேரியை ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்திருந்த ரேடியோ ரிப்பேர்க்காரர், அம்சவேணி கல்லூரிக்குப் போகிற காலத்தில் அதை ஒரு கேசட்டில் போட்டுக் கொடுத்தார். அப்போது அந்த இருமல் வீணைக்கு நடுவில் விழுந்த ஒரு கீறல் மாதிரிதான் இருந்தது. பிறகு அவள் திருப்பூரில் மோகனசுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்டு, இருவருமாகப் பனியன் காலரில் தைக்கிற லேபிள் நெய்யும் யூனிட் போட்டு, கை கொஞ்சம் தாராளமானதும் வாங்கிய முதல் நல்ல ஸ்பீக்கரில் இருமல் வலது பக்கத்திலிருந்து வந்தது. அடுத்ததில் அது துண்டுக்குள் இருமிய இருமல் என்று தெரிந்தது. அதற்கும் அடுத்ததில் இரும்பு நாற்காலி கிறீச்சிடுவதும், வெறுங்கால் சிமெண்டுத் தரையில் படுவதும் கேட்டதோடு, அதுவரை வீணைக்குள் கரைந்து கிடந்த தம்பூரா தனியாகப் பிரிந்து வந்து, அவர் எழுந்து போன பிறகும் கடைசி வரை அறுபடாமல் ஒலித்தது. அன்றைக்கே அவள் அவிநாசிக்கு ஓடிப்போய், "அம்மா, அந்தப் பொம்பள எந்திரிக்கவே இல்லம்மா, தம்பூரா கடைசி வரைக்கும் இருக்குது" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். கருணாம்பாள் கத்தரிக்கோலை நிறுத்தாமல், "அதைச் சொல்றதுக்கு ஒரு மிசினு வேற வேணுமாக்கும்" என்றாள்.

ஆனாலும் அம்சவேணிக்கு ஒன்று பாக்கி இருந்தது. அந்தக் கால்கள் எந்தப் பக்கம் போயின, எவ்வளவு தூரம் போயின என்று தெரியவேண்டும். வெளிக்கதவு வரைக்கும் கேட்டால் போதும். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

ஆர்.எஸ். புரத்தில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த பெனடிக்டின் கடைக்கு அவள் புருஷனோடு போனது ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம். பெனடிக்ட் மெலிந்து உயர்ந்த மனிதர், வாடிக்கையாளர்களின் காது களைத்துப்போகும் என்பதற்காக அதிகம் பேசமாட்டார். கனத்த துணி போர்த்திய சுவர்களுக்கு நடுவே ஒரு சோபா, அதற்கு எதிரே மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள் நின்றன. ஏ.சி.யை அணைத்தார், ஃபேனை அணைத்தார், மூன்று ஜோடிக்கும் சத்தத்தை ஒரே அளவில் வைத்தார். "சத்தம் கொஞ்சம் கூட இருந்தாலே அதுதான் நல்லதுன்னு காது ஏமாந்துரும் மேடம், அதுக்குத்தான்" என்றார். மோகனசுந்தரம் வழக்கம்போல மூலையில் நாற்காலி போட்டு, தாள் சரசரக்கக் கூடாதென்று பேப்பரைத் திருப்பாமல் ஒரே பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஜோடி டென்மார்க்கிலிருந்து வந்தது, இடுப்பு உயரம், வெள்ளை. வீணையின் மீட்டு கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது, இருமலும் தெளிவாக வந்தது, ஆனால் டாக்டர் முன்னால் இருமுகிற இருமல் மாதிரி யோக்கியமாக இருந்தது. அம்சவேணி தலையை ஆட்டினாள். இரண்டாவது ஜோடி இங்கிலாந்து, குட்டையும் பருமனுமாக, பார்க்க அரிசி டின்கள் போல. அதில் மண்டபத்தின் உயரம் தெரிந்தது, மேலே ஒரு புறா சிறகடித்தது, அப்பாவின் இருமல் நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி மேலே வரும் வழி முழுவதும் தெரிந்தது, எழுந்து நடந்தார், ஆறு ஏழு அடி, அப்புறம் மிருதங்கம் வந்து மறைத்துவிட்டது. "இது நல்லாருக்குதுங்க" என்றாள். "இன்னும் ஒண்ணு இருக்கு, கேட்டுட்டே முடிவு பண்ணுங்க" என்றார் பெனடிக்ட்.

மூன்றாவது ஜோடி இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது, வால்நட் மரத்தில் செய்தது, முதுகுப்புறம் வீணையின் குடம் மாதிரி வளைந்திருக்கும். அதில் வீணை ஆரம்பித்ததும் ஸ்பீக்கர்கள் இருப்பதே மறந்துபோய் நடுவில் ஒரு வெற்றிடம் திறந்துகொண்டது, அந்த வெற்றிடத்தில் வேர்வை வாசமும் மல்லிகை வாசமும் அடித்தது, இருமல் வந்தது, நாற்காலி கிறீச்சிட்டது, "கொஞ்சம் வழி உடுங்க" என்று அப்பா பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார், கால்கள் நடந்தன, மிருதங்கத்தையும் தாண்டி நடந்தன, அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அடியாகக் கூடப் போனாள், ஆனால் அவை அவள் நினைத்ததுபோல விலகிப் போகாமல் கிட்டத்தில் வந்துகொண்டே இருந்தன, கிட்டத்தில் வந்து நின்றன, அவள் கண்ணைத் திறந்தபோது இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், சட்டைத் தோளில் பஞ்சு ஒட்டிய முப்பத்துநாலு வயது ஆள் ஒருவர் துண்டால் வாயைப் பொத்தியபடி நின்றுகொண்டிருந்தார்.

கச்சேரி ஓடிக்கொண்டிருக்கையில் குறுக்கே பேசக்கூடாது என்பதால் அவர் மிகவும் தணிந்த குரலில், "ஏனுங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்று கேட்டார்.

பெனடிக்டும் அதே காரணத்துக்காக நுனிக்காலில் நடந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். சென்னியப்பன் அண்ணாந்து குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டபோதுதான் சுவர்களையும் சோபாவையும் பார்த்தார். பெனடிக்ட் வீணையை நிறுத்தினார்.

"நீங்க அவிநாசி சென்னியப்பனுங்களா?" என்று கேட்டாள் அம்சவேணி. அவள் குரல் கடையில் விலை கேட்கிற குரல் போலவே இருந்தது.

"ஆமாங்க. நீங்க யாருன்னு தெரியலீங்களே அம்மிணி."

"நான் அம்சவேணி."

"அட" என்று அவர் சிரித்தார். "என்ற பொண்ணு பேரும் அதேதானுங்க."

அம்சவேணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மூலையில் இருந்த மோகனசுந்தரம்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார், ஐம்பதைத் தாண்டிய அவர் தன்னைவிட அத்தனை இளையவரின் முன்னால் வந்து, மாமனார் வந்தால் எப்படிக் கும்பிடவேண்டுமோ அப்படிக் கும்பிட்டு, "வாங்க மாமா, உக்காருங்க, பொறுமையாச் சொல்றோம்" என்றார்.

பொறுமையாகத்தான் சொன்னார்கள். சென்னியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார், ஜன்னலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தார், திரும்பி வந்து அம்சவேணியின் முகத்தைப் பார்த்தார், அவளுடைய நரைத்த வகிட்டைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "புள்ளைக்குப் பொரி கடல வாங்கியாறேன்னு சொல்லிட்டு வந்தேனுங்க" என்றார்.

கார் அவிநாசி போய்ச் சேர்ந்தபோது கருணாம்பாள் வீட்டு முன்னறையில் பனியன்களுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் பணம் அனுப்பினாலும் கை சும்மா இருக்கக்கூடாது என்று அந்த வேலையை அவள் விடவில்லை. வாசலில் நிழல் விழுந்ததும் கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் சென்னியப்பன். அவள் குரலைக் கேட்ட பிறகுதான் அவள் யார் என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போயிருந்தீங்க?"

"இருமல் வந்துச்சு. வெளிய போனேன்."

"இருமி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள், அம்சவேணி பின்னாலேயே போய்ப் பார்த்தபோது அவள் அடுப்பைப் பற்றவைக்காமல், தீக்குச்சி கையிலேயே எரிந்து தீர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவிநாசி இந்த விஷயத்தைத் தனக்குள் செரித்துக்கொண்ட விதம், பருத்தி மூட்டை லாரியில் ஏறுகிற விதம்தான், முதலில் எல்லோரும் சுற்றி நின்று இது ஏறாது என்றார்கள், பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள், ஏறிய பிறகு இது எப்போதும் அங்கேயேதான் இருந்தது போல இருந்தது. முதல் வாரம் வீட்டில் நிற்க இடமில்லை, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வந்து, என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று வாசலிலேயே தகராறு பண்ணினார்கள், அவருக்குத் தம்பி முறை ஆகிற எழுபது வயதுக்காரர் "அண்ணா" என்று காலில் விழப் பார்த்தார், பேரன் முறை ஆகிற முப்பது வயதுக்காரன் "அப்பாரு" என்று கூப்பிட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். மில்லில் அவரோடு வேலை பார்த்த வெங்கிடு தடியூன்றி வந்து சேர்ந்தபோது சென்னியப்பன், "டேய் வெங்கிடு, என்னடா ஆச்சு உனக்கு!" என்று அலறியதைக் கேட்டுப் பெரியவரை இப்படியா பேசுவது என்று தெருவில் போனவர்கள் சண்டைக்கு வந்தார்கள், நாள் போகப் போக அவர்களே, இவர்தான் பெரியவர், வெங்கிடுவைவிட இரண்டு மாதம் மூத்தவர் என்று புதியவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். முதியோர் பென்ஷனுக்கு அவருக்கு வயது சரியாக இருக்கிறதென்று ஒருவர் வந்து சொன்னார். பெண் பார்க்கிற தரகர் ஒருவர் வந்து, முப்பத்துநாலு வயது, கெட்ட பழக்கம் இல்லை, ஆனால் முதல் சம்சாரம் உயிரோடு இருக்கிறார் என்பது கொஞ்சம் இடிக்கிறது என்று சொல்லி, கருணாம்பாள் கையாலேயே காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கோயம்புத்தூரில் பெனடிக்டின் கடை மாடிப்படியில் கூட்டம் சந்து வரை நின்றது. கல்யாணக் கேசட், காதுகுத்துக் கேசட், செல்போனில் வந்த குரல் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து, தொலைந்துபோன அண்ணனை, சவுதிக்குப் போய்த் திரும்பாத மகனை, செத்துப்போன மனைவியை மூன்றாவது ஜோடியில் போட்டுக் கேட்டார்கள். யாரும் வரவில்லை. ஒரு காதுகுத்துக் கேசட்டிலிருந்து அன்றைக்குக் குழம்புக்காகக் கட்டிப்போட்டிருந்த சேவல் மட்டும் வந்தது, சோபாவில் ஏறி நின்று கூவியது, அந்தக் குடும்பத்தார் அதை அறுக்க மனசில்லாமல் கோயிலுக்கு விட்டார்கள். வந்தவர்கள் யாரும் சண்டை போடவில்லை, சோபாவில் உட்கார்ந்து அந்தக் குரல்களை அவ்வளவு கிட்டத்தில் கேட்டுவிட்டு, பெனடிக்ட் வைத்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்கள். பெனடிக்ட் அந்த ஜோடியை விற்பதில்லை என்று முடிவு செய்தார், விலைச்சீட்டைக் கிழித்துவிட்டார். அம்சவேணியின் பதிவில் இருமல் இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார், வீணை அந்த இடத்தைத் தடுக்கில்லாமல் தாண்டிப் போனது.

இப்படியாக எல்லாம் அடங்கி வருகிற நேரத்தில் கிட்டுசாமி மறுபடியும் வாயைத் திறந்தார். டீக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனால் குரலுக்குத் தாண்டவில்லை. "ஸ்பீக்கர்ல இருந்து ஆளு வருமா? இது சென்னியப்பனுக்கும் அந்தத் தம்பூராக்காரிக்கும் பொறந்த பையன். அப்பன் சாடை அப்படியே இருக்குது, இல்லீங்களா? ஊட்டுல பங்கு வேணும்னு வந்துருக்கறான்" என்றார். ஊர் ஒரு நிமிஷம் யோசித்தது. அந்தப் பதிலும் வசதியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காலையில் மளிகைக்கடையில் ஒருத்தி கருணாம்பாளைப் பார்த்து, "சக்களத்தி மகன்னு நெனைக்காம வெச்சிருக்கீங்களே, பெரிய மனசு" என்றாள்.

கருணாம்பாள் வாங்கிய பருப்பைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அத்தனை வருஷமும் அழாதவள் அன்றைக்கு அழுதாள், அழுகையைவிடக் கோபம்தான் அதில் அதிகம். "மூஞ்சியக் காட்டினா மகன்ங்கறான். இனி எதைக் காட்டறது அம்சா?"

விஷயம் கேட்டு வந்திருந்த வெங்கிடு கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூஞ்சி யாருக்கு வேணும்னாலும் வரும் தங்கச்சி, இருமல் வராது" என்றார். மில்லில் பஞ்சு பறக்கும்போது பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது, எவன் எங்கே நிற்கிறான் என்பதை இருமலை வைத்துத்தான் கண்டுகொள்வார்கள், அதனால் மிச்சம் இருக்கிற மில்காரர்கள் எல்லாரையும் கூப்பிடலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கைவிட்ட பஞ்சு குடோன் ஒன்றில் பாதி ஊர் கூடியது. மில்காரர்கள் ஐந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள், நான்கு ஆண்களும் பஞ்சு பொறுக்கிய ஒரு பெண்ணும். அவர்களைச் சுவரைப் பார்த்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், கூடவே அம்சவேணியும் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் சென்னியப்பனோடு சேர்த்து அதே வயதுக்காரர்கள் நான்கு பேரை நிறுத்தி, பஞ்சு மூட்டை ஒன்றை அவிழ்த்துத் தடியால் அடித்தார்கள். தூசி எழுந்தது. ஒவ்வொருவராக இருமினார்கள். முதல் இருமல் சிகரெட் இருமல், பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது, இருமவேண்டும் என்று இருமிய இருமல், பின்னால் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது வந்தபோது, நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் யாருக்கோ தொந்தரவாகிவிடுமோ என்று தயங்கி, துண்டுக்குள் போய் அடங்கிய அந்த இருமல் வந்தபோது, பெஞ்சில் இருந்த மில்காரர்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். பஞ்சு பொறுக்கிய அம்மாள் திரும்பிப் பார்க்காமலே, "தண்ணி குடுங்கய்யா சென்னியப்பனுக்கு" என்றாள். அம்சவேணி கை தூக்கவில்லை. அவள் முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

கருணாம்பாள் கூட்டத்தின் நடுவே நடந்துபோய், அங்கேயும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிட்டுசாமிக்கு முன்னால் நின்றாள்.

"மேட்டுப்பாளையம் பஸ்ஸுல பாத்தேன்னு சொன்னீங்க."

கிட்டுசாமி பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பாத்தது பாத்ததுதான். வேற ஆளா இருந்திருக்கும். ஆனா வருவான்னு நான் அப்பவே சொன்னனா இல்லையா?" என்று அக்கம்பக்கத்தைப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் எல்லோருமே தாங்களும் அப்போதே அப்படித்தான் சொன்னதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான் அந்த ஊர் கேட்ட மன்னிப்பு. கருணாம்பாளுக்கு அது போதுமானதாக இருந்தது, அல்லது அதற்கு மேல் கிடைக்காது என்று தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் மகளும் மருமகனும் கூட இருக்கையில் அவள் சென்னியப்பனைக் கூடத்தில் உட்காரச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, தாலிக்கொடியைக் கழுத்திலிருந்து தானே கழற்றி ஒரு வெற்றிலை மேல் வைத்தாள்.

"அம்மா!" என்றாள் அம்சவேணி.

"நீ சும்மா இரு அம்சா." அவள் சென்னியப்பனைப் பார்த்துப் பேசினாள். "இதைக் கழட்டுனா நீங்க செத்துட்டீங்கன்னு ஆகும், இல்லைன்னா ஓடிட்டீங்கன்னு ஆகும். ரெண்டும் இல்லைன்னு சொல்றதுக்கு என்றகிட்ட இது ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப நீங்களே வந்துட்டீங்க, இனி இது சொல்ல வேண்டியதில்ல. எனக்குக் கோவமில்லீங்க. ஆனா ஒரே ஊட்டுல இருந்தா நான் உங்களுக்குச் சோறாக்கிப் போடற அம்மாவாத்தான் இருப்பேன். அது எனக்கு வேண்டாம்."

சென்னியப்பன் அந்த வெற்றிலையைப் பார்த்தார். "எனக்குப் போன மாசம் மாதிரி இருக்குது கருணா" என்றார். "கச்சேரிக்குக் கெளம்பும்போது நீ பின்கட்டுல தலை காயவெச்சுட்டு நின்னே. அந்த ஈரம்கூட எனக்கு இன்னும் காயல."

"எனக்குக் காஞ்சுருச்சுங்க" என்றாள் அவள், மென்மையாகத்தான் சொன்னாள். அவர் வெற்றிலையோடு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கட்டின புருஷன் உயிரோடிருக்கத் தாலி இல்லாதவளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று கொஞ்ச காலம் அந்தத் தெருப் பெண்கள் குழம்பினார்கள், பிறகு ஒருத்தி கொடுத்தாள், கருணாம்பாள் வாங்கி வைத்துக்கொண்டாள், கேள்வி அத்தோடு தீர்ந்தது. சென்னியப்பன் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போனார். லேபிள் தறிகளின் சூட்சுமத்தை வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டு யூனிட்டில் ரிப்பேர் வேலை பார்த்தார், வெள்ளிக்கிழமைகளில் அவிநாசிக்குப் போய்க் கருணாம்பாளுக்குக் கீரை வாங்கிக் கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு வந்தார், இருவரும் நல்ல பக்கத்து வீட்டுக்காரர்கள் போல இருந்தார்கள்.

அம்சவேணியிடம் மட்டும் அவரால் அப்படி இருக்க முடியவில்லை. அவளை வாங்க போங்க என்றே பேசினார், "ஏனுங்க அம்மிணி, ஃபேனைப் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டுத்தான் ஃபேனைப் போட்டார். அப்பா என்று அவள் கூப்பிட்டால் திரும்புவதற்கு ஒரு கணம் தாமதமாகும். முதலில் அவளுக்கு அது வலித்தது. பிறகு ஒரு நாள் கடைவீதியில், பள்ளிக்கூடம் விட்டு வருகிற சின்னப் பெண்கள் கூட்டம் கடந்துபோகும்போது அவர் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடுவதைப் பார்த்தாள், பார்த்த பிறகு அவளுக்கு விளங்கியது. தான் அப்பாவைத் தொலைத்தது போலத்தான் அவர் ஒரு குழந்தையைத் தொலைத்திருக்கிறார், இருமிவிட்டுத் திரும்புவதற்குள் அவருடைய ஆறு வயதுப் பெண் காணாமல் போய்விட்டாள், அந்தக் குழந்தையை எந்தக் கடையில் எந்த ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது? அவளிடம் இருந்தது நரைத்த தலையும் சர்க்கரை வியாதியும்தான். அன்றிலிருந்து அவள் அவரை அவசரப்படுத்தவில்லை.

சில வருஷம் போயிற்று. சர்க்கரை கண்ணுக்கு வந்து, இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, முதல் கண்ணுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். மோகனசுந்தரத்துக்கு அன்றைக்கு ஏற்றுமதி ஆர்டர் போகவேண்டியிருந்ததால் சென்னியப்பன்தான் கூடப் போனார். மருந்து விட வந்த நர்ஸ், "கூட யாருங்க, மகனுங்களா?" என்று கேட்டாள்.

"எங்க அப்பா."

"ஓ, அவிநாசிக்காரருங்களா?" என்று நர்ஸ் தலை நிமிராமலே சொட்டு மருந்தை உதறினாள். "அப்பா, கொஞ்சம் தலையப் புடிச்சுக்குங்க."

லேபிள் கணக்கில் வியாபாரிகளை நடுங்க வைக்கும் அம்சவேணிக்கு, கண்ணில் மருந்து விடுவதென்றால் சின்ன வயதிலிருந்தே பயம். சொட்டு கிட்டத்தில் வந்ததும் முகத்தைச் சுளித்து, தலையைத் திருப்பி, அவர் கையைப் பிடிக்காமல், ஆறு வயதில் பிடித்ததுபோலவே சட்டையின் கீழ்நுனியைக் கொத்தாகப் பிடித்துச் சுருட்டிக்கொண்டு, மூக்கை அவர் விலாவில் புதைத்தாள். அவர் உடம்பு அப்படியே நின்றுபோனதை அவள் உணர்ந்தாள். நர்ஸ் காத்திருந்தாள். அவர் அந்தச் சட்டை நுனியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் போட்ட கண்ணும் மங்கிய மற்றக் கண்ணுமாக அவளை வெளியே கொண்டுவந்து விட்டபோது வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது, ஆட்களின் சத்தம் நாலாபக்கமும் இருந்தது, அவள் ஓரிடத்தில் நின்று கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"கண்ணு" என்றார் அவர். "படி வருது. பாத்து காலை வை."

அவள் காலை வைத்தாள்.